நானா கடையில் நள்ளிரவு மட்ச்: வர்ணனை கிடையாது, கூட்டம் உண்டு

திருகோணமலையில் நள்ளிரவுக்குப் பிறகு உதைபந்தாட்டம் பார்க்க நாலைந்து இடம் இருக்கிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரருக்கென்று நடத்துகிற கடற்கரைக் கடைகளில் பெரிய பெரிய ரிவி உண்டு, குளிர்ந்த பியரும் உண்டு, பில்லைப் பார்த்தால் வியர்க்கும். நகருக்குள் இருப்பவர்களுக்கு நான் சொல்வது வேறு இடம். உட்துறைமுக வீதியிலிருந்து உள்ளே திரும்புகிற ஓர் ஒழுங்கையில் ஒரு தேத்தண்ணிக் கடை. பெயர்ப்பலகை ஒரு காற்றுக்கு விழுந்தது, திரும்ப மாட்டவில்லை. யாரிடம் கேட்டாலும் "மட்ச் போடுற நானா கடை" என்று கையைக் காட்டுவார்கள். கொத்து சுமார், இருக்கை மோசம், மலசலகூடம் அதைவிட மோசம். ஆனால் உதைபந்தாட்டத்தைக் கேட்பதற்கு இதைவிட நல்ல இடம் நான் கண்டதில்லை. கேட்பதற்கு என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பகலில் இது சாதாரணக் கடை. காலையில் பாணும் சம்பலும் பருப்பும், பத்து மணிக்கு வடை, பின்னேரம் றோல்ஸ். மட்ச் நாள் இரவில் மேசைகளை வெளியே தூக்கி வைத்துவிட்டு வாங்குகளை வரிசையாகப் போடுவார்கள். பின்சுவர் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு, அதுதான் திரை. புரொஜெக்டர் கல்யாண வீடியோக்காரர் ஒருவரிடமிருந்து கைமாறி வந்த பழையது. படத்தின் இடது மூலையில் மஞ்சளாக ஒரு கறை. அந்தப் பக்கம் கோர்னர் கிக் அடித்தால் பந்து கறைக்குள் போய்த்தான் வெளியே வரும். சுவரில் கலண்டர் தொங்குகிற ஆணி ஒன்றும் இருக்கிறது. மட்ச் தொடங்க முன் நானா மறக்காமல் கலண்டரைக் கழற்றுவார். ஆணியைக் கழற்ற மாட்டார்.

சத்தத்துக்கு வருவோம். நானாவிடம் இருப்பது பழைய ஹோம் தியேட்டர் செற். ஐந்து சின்னப் பெட்டி, ஒரு பெரிய பேஸ் பெட்டி. இப்படியான செற்றில் பேசுகிற குரல் பெரும்பாலும் நடுப்பெட்டிக்குத்தான் போகும். மைதானத்து இரைச்சல் பக்கத்துப் பெட்டிகளுக்குப் போகும். நானாவின் நடுப்பெட்டி, எலி வயரைக் கடித்ததோடு செத்துவிட்டது. திருத்தவில்லை. முதலில் வாடிக்கையாளர்கள் குறை சொன்னார்களாம், ஆங்கில வர்ணனை இல்லாவிட்டால் மட்ச் பார்த்த மாதிரி இல்லை என்று. இப்போது யாராவது பெடியன் வயர் கொண்டுவந்து பூட்டட்டுமா என்று கேட்டால் பழைய ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். வர்ணனையாளர் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல ஏதோ முணுமுணுப்பார். மைதானம் மட்டும் இரண்டு காதிலும் வந்து விழும். அப்படிக் கேட்கும்போதுதான், மைதானம் ஒரு நாட்டினுடையதாகவும் கூட்டம் இன்னொரு நாட்டினுடையதாகவும் இருக்கிற ஆட்டங்கள் எத்தனை என்று பிடிபடும். வர்ணனை போகிற இடத்தில் அது மூடுண்டு போய்விடும்.

எனக்கு இதில் தனி ஈடுபாடு உண்டு. உள்ளூர் லீக் ஆட்டங்களில் பல வருடம் கோட்டில் கொடி பிடித்தவன் நான். ஏகாம்பரம் மைதானத்தில் சனம் கோட்டுக்கு ஓரடி, இரண்டடி தள்ளித்தான் நிற்கும். கண் பந்தில் இருக்க, கூட்டத்தின் சத்தம் முதுகில் ஏறும். எந்தப் பக்கத்துக்கு ஆள் கூட என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடலாம், என் தாயைப் பற்றிப் பேசுவது எந்த ஊர்க் குரல் என்பதையும் சொல்லிவிடலாம். கிண்ணியாவுக்குப் பாலம் 2009இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் அந்தப் பக்கத்து ரசிகர்கள் பாதையில், அதாவது கடவைப் படகில், ஏறித்தான் வரவேண்டும், பாதையில்தான் திரும்பவும் வேண்டும். வருகிற கூட்டம் சின்னது. கடைசிப் பத்து நிமிடத்தில் பாதிப்பேர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பாலம் வந்தபின் லொறியிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து இறங்கினார்கள் பாருங்கள், நகரத்து அணிக்குத் தன் மைதானத்திலேயே கைதட்ட ஆளில்லை. நகரத்து ஆட்கள் "பக்கத்தில்தானே, அடுத்த மட்சுக்குப் போவம்" என்று வீட்டில் படுத்திருந்தார்கள். இது கிண்ணியாவுக்கும் நகரத்துக்கும் மட்டும் உரிய கதை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தோம்.

சரி, நானா கடையில் நான் கேட்ட மிகச் சிறந்த ஆட்டம் 2025 ஜூலையில் நடந்த கொன்ககாஃப் தங்கக் கிண்ண இறுதியாட்டம். வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளின் கிண்ணம் அது. அமெரிக்காவும் மெக்சிக்கோவும், டெக்சாஸ் மாநிலத்து ஹியூஸ்டன் நகரத்தில். எங்கள் நேரத்துக்கு ஏழாந்திகதி திங்கட்கிழமை அதிகாலை நாலரை. கடையில் பாதிப்பேர் கடலால் வந்தவர்கள், மற்றவர்கள் நித்திரையே கொள்ளாமல் வந்தவர்கள். நாலாவது நிமிடத்தில் கிறிஸ் றிச்சர்ட்ஸ் தலையால் அடித்து அமெரிக்காவுக்கு ஒரு கோல். படத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்டிருந்தால் வெளிநாட்டு அணி கோல் போட்டுவிட்டது என்று சத்தியம் பண்ணியிருப்பேன். ஒரு மூலையிலிருந்து கொஞ்சம் ஆரவாரம், மற்றப்படி பெரிய முனகல் ஒன்று, அவ்வளவுதான். 27ஆவது நிமிடத்தில் றவுல் ஹிமெனெஸ் சமன் செய்தார். பேஸ் பெட்டி ஸ்டூலில் இருந்தபடியே ஒரு விரற்கடை நகர்ந்தது. கண்ணாடி அலுமாரிக்குள் றோல்ஸ் தட்டு கிலுகிலுத்தது. எனக்கு முன்வாங்கில் இருந்தவர் பிளேன்ரீக் கிளாசைப் பக்கத்தில் வைத்திருந்தார். அதில் வட்டம் வட்டமாக அலை எழும்பியதைக் கண்டேன். ஹிமெனெஸ் ஜோட்டாவின் பெயர் போட்ட சட்டையைத் தூக்கிக் காட்டினார். போர்த்துக்கல் வீரர் டியோகோ ஜோட்டா விபத்தில் இறந்து நாலு நாள் ஆகியிருந்தது, இருவரும் இங்கிலாந்தின் வுல்வ்ஸ் அணியில் ஒன்றாக ஆடியவர்கள். கடைக்குள் யாரும் பேசவில்லை.

77ஆவது நிமிடத்தில் எட்சன் அல்வாரெஸ் அடித்த இரண்டாவது கோலுக்கு முதலில் ஓஃப்சைட் கொடி உயர்ந்தது, பிறகு வீடியோ பார்த்து கோல் என்றார்கள். அந்தக் கொடிக்காரருக்காக நான் கொஞ்சம் கவலைப்பட்டேன். அவருடைய முதுகில் அன்று என்ன ஏறியிருக்கும் என்று எனக்குத் தெரியும். மைதானத்தில் 70,925 பேர். அதில் அமெரிக்க அணிக்கென்று வந்தவர்கள் மிகக் குறைவு என்பதை நானாவின் பெட்டிகள் தெளிவாகச் சொல்லிவிட்டன. மெக்சிக்கோ 2–1. சில நாட்களுக்கு முன் சென் லூயிஸ் நகரத்தில் நடந்த அரையிறுதியிலும் இதே கதைதான். அங்கே குவாத்தமாலாக்காரர் மைதானத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்கா 2–1 என்று வென்றதே தவிர, சத்தத்தில் தோற்றது.

பக்கத்தில் இருந்த பெடியன் ஒருவன் கேட்டான், "இவ்வளவு மெக்சிக்கோக்காரருக்கும் எப்படியண்ணை விசா குடுத்தவங்கள்?" விசாவே இல்லை தம்பி, அவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் அங்கேயே இருக்கிறவர்கள். ஹியூஸ்டனில் வேலை செய்து, வாடகை கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, ரிக்கெட் விற்பனை தொடங்கிய அன்றே வாங்கி வைத்தவர்கள். 2011இல் இதே கிண்ணத்தின் இறுதியாட்டம் லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் பசடீனாவில் நடந்தது, 93,420 பேர். அமெரிக்கா இரண்டு கோல் முன்னால் போய், பிறகு 4–2 என்று தோற்றது. பரிசளிப்பை ஸ்பானிய மொழியில் நடத்தினார்கள் என்று கோல் காப்பாளர் டிம் ஹவர்ட் கொதித்துப்போனார். ஹவர்டின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ரிக்கெட் வாங்கியவர்களுக்கு விளங்குகிற மொழியில்தானே ஒலிபெருக்கி பேசும்.

இதற்கு அமெரிக்கர்கள் கண்டுபிடித்த மருந்துதான் எனக்குப் பிடித்த பகுதி. உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்துக்கு மெக்சிக்கோ வரும்போது லொஸ் ஏஞ்சல்ஸில் ஆடக்கூடாது என்று முடிவுசெய்து, ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் என்ற வடக்கு ஊருக்குக் கொண்டுபோனார்கள். சின்ன மைதானம், இருபத்துச் சொச்சம் ஆயிரம் பேர்தான் கொள்ளும். மெக்சிக்கோக்காரர் அந்தப் பக்கம் குறைவு. 2001 பெப்ரவரி கடைசியில், எலும்பை ஊடுருவுகிற குளிரில், அமெரிக்கா 2–0. அப்புறம் 2005, 2009, 2013 என்று அதே ஊரில் அதே 2–0. சொந்த நாட்டுக்குள்ளேயே சொந்த ரசிகர் இருக்கிற மூலையைத் தேடிப்போக வேண்டிவந்த அணி அது. 2016இல் மெக்சிக்கோ அங்கேயும் 2–1 என்று வென்றது, மந்திரம் கலைந்தது. இதை நான் கடையில் சொன்னபோது நானா, "எங்கட ஆக்களும் அப்பிடிச் செய்திருக்கலாம், கிண்ணியா மட்சைக் கோணமலைக்கு மேல வச்சிருக்கலாம்" என்றார். மலைக்கு மேலே கோவில் இருக்கிறது நானா என்றேன். "அப்ப கீழே, மான் நிக்கிற இடத்தில" என்றார்.

சாப்பாட்டைப் பற்றி எழுதாவிட்டால் இது விமர்சனமே இல்லை என்பார்கள். இஞ்சி பிளேன்ரீ 50 ரூபாய், பனங்கட்டித் துண்டோடு வரும், அதைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். அருமை. பால்ரீ 120, சீனி கூடப் போடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மீன் றோல் நூறு ரூபாய். உள்ளே உண்மையிலேயே மீன் இருக்கிறது, துறைமுக ஊரில் இதைச் சொல்லவேண்டியிருப்பது வெட்கம்தான், ஆனால் எல்லாக் கடையிலும் அப்படி இல்லை. முட்டைக் கொத்து 650. இடைவேளைக்குப் பதினைந்து நிமிடம் முன்பே சொல்லிவைத்தால்தான் இடைவேளையில் கிடைக்கும். கொத்து அடிக்கிற தம்பிக்கு ஒரு கட்டளை உண்டு: பந்து பெனால்டிப் பெட்டிக்குள் இருக்கும்போது தகரத்தில் தட்டக்கூடாது. அவன் திரும்பித் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டே அடிப்பதால் ரொட்டித் துண்டு சிலது பெரிதாகவும் சிலது தூளாகவும் வரும். எண்ணெய் கூட. சொதிச் சாறு கேட்டால் தருவார்கள், கேட்காமல் தரமாட்டார்கள்.

இந்தக் கடையின் உண்மையான சிறப்பு ஒரு இலவசம். வாசலில் இழுகதவுப் பலகையில் சோக்கட்டியால் இரண்டு அணியின் பெயரையும் எழுதி வைத்திருப்பார். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் தன் அணிக்குக் கீழே ஒரு கோடு போட வேண்டும். ஆட்டம் தொடங்கும்போது எந்தப் பக்கத்தில் கோடு குறைவோ, அந்தப் பக்கத்துக்காரர் எல்லோருக்கும் ஒரு பிளேன்ரீ சும்மா. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "கூட்டமா இருக்கிறவனுக்குக் கூட்டம் இருக்கு, அது காணும். தனிய வந்தவனுக்குத்தான் ரீ வேணும்" என்றார். பெடியன்கள் சும்மா விடுவார்களா? ஆர்ஜென்ரீனாச் சட்டை போட்டுக்கொண்டு எதிரணிக்குக் கோடு போட்டவர்கள் உண்டு. அப்படியானவர் ஆர்ஜென்ரீனா கோல் போடும்போது வாயைத் திறந்தால் நானா அடுத்த நாள் ரீயின் காசைக் கணக்கில் எழுதுவார். ஐம்பது ரூபாய்க்காகத் தொண்ணூறு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2023 நவம்பரில் பேர்லினில் ஜேர்மனியும் துருக்கியும் ஆடின. நட்பு ஆட்டம், எங்களுக்கு இரவு ஒன்றேகால். என் சித்தப்பாவின் மகன் பேர்லினில் துருக்கிக்காரர் ஒருவரின் கடையில் வேலை செய்கிறான். முதலாளியே ரிக்கெட் எடுத்துக் கொடுத்து மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். எழுபதாயிரத்துக்கு மேல் சனம், பெரும்பகுதி துருக்கிச் சிவப்பு. ஜேர்மனி தன் தலைநகரத்தில், தன் ஒலிம்பிக் மைதானத்தில் விசில் வாங்கிக்கொண்டு ஆடி 3–2 என்று தோற்றது. துருக்கிக்கு ஒரு கோலைப் போட்ட கெனான் யில்டிஸ் பிறந்தது ஜேர்மனியின் றேகன்ஸ்பேர்க்கில். இடைவேளையில் தம்பி ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினான், நானா அதைப் பெட்டியில் போட்டுக் கடை முழுக்கக் கேட்கவைத்தார்: "அண்ணை, இந்தப் பக்கத்தில ஜேர்மனிக்குக் கத்துறது நானும் என்ர மகளும்தான். முதலாளி முறைக்கிறார்." ஜேர்மன் அணிக்கு அந்தப் பகுதியில் இருந்த உள்ளூர் ஆதரவு ஒரு திருகோணமலைக் குடும்பம்! கடை சிரித்துக் கிடந்தது. நானா பலகைக்குப் போய் ஜேர்மனிக்குக் கீழே இரண்டு கோடு கூடப் போட்டார்.

இதில் சிரிக்க முடியாத பக்கமும் உண்டு. 2010இல் அதே மைதானத்தில் அதே இரு அணிகள். கெல்சன்கிர்சனில் பிறந்து ஜேர்மனிக்கு ஆடிய மெசுட் ஓசிலுக்குப் பந்து போகும்போதெல்லாம் துருக்கி ரசிகர்கள் ஏளனமாகக் கூவினார்கள். அவர் கோல் போட்டுவிட்டுக் கொண்டாடாமல் நின்றார். 2001 ஒக்டோபரில் பாரிசில் பிரான்சும் அல்ஜீரியாவும் முதன்முறை ஆடியபோது பிரெஞ்சுத் தேசியகீதத்துக்கு விசில். பிரான்ஸ் 4–1 முன்னால் இருக்கும்போது சனம் மைதானத்துக்குள் ஓடிவந்து 76ஆவது நிமிடத்தில் ஆட்டமே நின்றுபோனது. 1990இல் பிரிட்டனில் நோர்மன் டெபிட் என்ற அரசியல்வாதி, குடியேறி வந்தவர்களின் விசுவாசத்தை அறிய அவர்கள் கிரிக்கெட்டில் எந்த நாட்டுக்குக் கைதட்டுகிறார்கள் என்று பார்த்தால் போதும் என்கிற மாதிரிப் பேசினார். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் சொந்தக்காரர் இருக்கிற எங்களுக்கு அந்தப் பேச்சு எங்கே போய்ச் சுடும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு வாரம் முழுக்க முதலாளி சொன்னதைச் செய்து, பிழையான உச்சரிப்புக்குச் சிரிப்பு வாங்கி, சனிக்கிழமை இரவு ஒரு மைதானத்தில் தன் ஆட்கள் எழுபதாயிரத்தில் கூட என்று கண்டால் எவனும் கத்தத்தான் செய்வான். தேசியகீதத்துக்கு விசில் அடிப்பது மட்டும் எனக்கு ஏற்கவில்லை. ஓசில் மாதிரிப் பிள்ளை ஒன்றை ஏளனமாகக் கூவுவதும் ஏற்கவில்லை.

உண்மையிலேயே பயணம் செய்து வந்து மைதானத்தைப் பிடித்த கதை வேறு. அதில் பழையது வெம்பிளி. 1977 ஜூனில் இங்கிலாந்தை 2–1 என்று வென்ற ஸ்கொட்லாந்துக்காரர் மைதானத்துக்குள் இறங்கிக் கோல் கம்பத்தையே முறித்தார்கள், இங்கிலாந்து ரசிகர் எங்கே என்று தேடவேண்டியிருந்தது. நாடுகளுக்கிடையிலான ஆட்டமாக இல்லாவிட்டாலும் 2022 ஏப்ரலில் பார்சிலோனாவில் நடந்ததை விட மனமில்லை. ஜேர்மனியின் பிராங்பேர்ட் அணிக்கு ஒதுக்கியது 5,000 ரிக்கெட். வந்து உட்கார்ந்தவர்கள் முப்பதாயிரத்துக்குக் கிட்ட. சொந்த அணியின் சீசன் ரிக்கெட்காரர் பலர் வரவில்லை, ரிக்கெட்டுகள் எந்தெந்த வழியாலோ ஜேர்மன்காரர் கைக்குப் போயின. பிராங்பேர்ட் 3–2 என்று வென்று பார்சிலோனாவை வெளியே அனுப்பியது. கழகத் தலைவர் லபோர்த்தா வெட்கமாக இருக்கிறது என்றார். இந்த ஆட்டத்தை வைத்துக் கடையில் பெரிய வாக்குவாதம் நடந்தது. ரிக்கெட்டை விற்றவன் துரோகி என்று ஒருவர், ஆயிரக்கணக்கான யூரோ கிடைத்தால் நீ விற்கமாட்டாயா என்று இன்னொருவர். நான் முதலாமவர் பக்கம். மைதானத்துக்கு வராத உள்ளூர்க்காரனைவிட மோசமானவன், தன் இடத்தை எதிரிக்குக் கொடுத்துவிட்டு வீட்டிலிருந்து அணியைத் திட்டுகிறவன்.

2022 நவம்பரில் கட்டார் உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தையும் இங்கேதான் பார்த்தோம். எங்கள் ஒழுங்கையில் கட்டாரில் வேலைக்கு ஒருவராவது போகாத வீடு குறைவு, ஆகவே அன்று பலகையில் கட்டாருக்கு நிறையக் கோடு. ஈக்குவடோர் 2–0. போட்டியை நடத்துகிற நாடு முதல் ஆட்டத்தில் தோற்றது அதுவே முதல்முறை. அதைவிட வேடிக்கை, இரண்டாம் பாதியில் மைதானத்தில் இருக்கைகள் காலியாகிக்கொண்டு வந்தன. கோலுக்குப் பின்னால் ஒரே நிறச் சட்டையில் தாளம் தப்பாமல் கத்தியவர்களில் பலர் லெபனான் போன்ற இடங்களிலிருந்து கூட்டிவரப்பட்டவர்கள் என்று பிறகு பத்திரிகையில் வந்தது. நானாவின் பெட்டியில் கடைசிவரை கேட்டது, பியர் வேண்டும் என்று ஸ்பானிய மொழியில் பாடிய ஈக்குவடோர்க்காரரின் குரல். மைதானங்களில் பியர் விற்கமாட்டோம் என்று இரண்டு நாளுக்கு முன்தான் அறிவித்திருந்தார்கள். வந்தவர்கள் கடல் தாண்டி வந்தவர்கள், எழும்பிப் போனவர்களுக்கு வீடு பக்கத்தில்.

இலங்கை ஆடுகிற நாளில் கடை எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். வாங்கில் கால் நீட்டிப் படுக்கலாம். 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்த நாடு இது என்று சொன்னால் பெடியன்கள் நம்புவதில்லை. 2023 ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை ஃபிஃபா எங்களைத் தடைசெய்திருந்தது, அந்த ஏழு மாதத்தில் கடையில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இப்போது ஜேர்மனியில் பிறந்த கிளாவுடியோ கமர்க்னெக்ட் போன்றவர்கள் வந்து இலங்கைக்கு ஆடுகிறார்கள், அணி முன்னேறியிருக்கிறது. ஓசிலின் கதைக்கு மறுபக்கம். ஆனாலும் பலகையில் ஒரு பக்கம் நாலைந்து கோடு, மறுபக்கம் சுத்தம். அப்படியானால் குறைந்த பக்கத்தில் ஆளே இல்லையே, ரீ யாருக்கு என்று ஒருவர் கேட்டார். நானா எல்லோருக்கும் ஊற்றினார். "நேற்று ஆர்ஜென்ரீனாவுக்கு வந்த சனத்தை எண்ணிப் பாருங்க, நீங்கதான் குறைவு."

இனிக் குறைகள். சத்தம் பற்றி நான் எழுதியதெல்லாம் டிஷ் வழியாக வருகிற ஆட்டங்களுக்குத்தான். சில ஆட்டங்களை இணையத்தில்தான் பிடிக்கலாம், அவற்றில் வர்ணனையையும் கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்து அனுப்புவார்கள், அப்போது இந்தக் கடைக்கும் மற்றக் கடைக்கும் வித்தியாசம் இல்லை. இணையம் என்றால் படமும் பிந்தும். பின்வீட்டில் யாரோ வேறு வழியில் பார்க்கிறார்கள். எங்கள் சுவரில் பந்து நடுமைதானத்தில் இருக்கும்போதே மதிலுக்கு அந்தப் பக்கம் "கோல்" என்று கத்துவார்கள். அந்த வீட்டுக்காரரோடு நானா பேசிப் பார்த்தார். அவர் இப்போது இன்னும் சத்தமாகக் கத்துகிறார். இணைப்புத் தருகிற கம்பனி நள்ளிரவுக்குப் பிறகு வேகத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லிக் காசு வாங்குகிறது, சரியாகப் பெனால்டிக்குச் சுற்றத் தொடங்கும். கறன்ட் போனால் இன்வேட்டர் புரொஜெக்டரை மட்டும் தாங்கும், பேஸ் பெட்டி நின்றுவிடும். அப்படியொரு பொழுதில் கூட்டம் இல்லாமல் பார்த்த இருபது நிமிடம் எனக்கு மட்சாகவே தெரியவில்லை.

நுளம்பு உண்டு, சுருள் கொளுத்துவார்கள். மலசலகூடம் குசினிக்குப் பின்னால், லைற் இல்லை, போனைக் கொண்டுபோங்கள். பெண்கள் மிகக் குறைவாகவே வருகிறார்கள். குடும்பமாக வந்தால் காசாளர் மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக் கொடுக்கிறார்கள், ஆனால் அந்த இடத்திலிருந்து சுவரின் பாதிதான் தெரியும். கூட்டம் குறைந்த பக்கத்துக்கு ரீ கொடுக்கிற மனிதர் இதையும் யோசிக்கலாம், நான் சொல்லியும் விட்டேன். வாகனம் ஒழுங்கை முகப்பிலேயே நிற்பாட்ட வேண்டும். மோட்டார் சைக்கிளில் மரக்கறிப் பையைத் தொங்கவிட்டு உள்ளே போகாதீர்கள். கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிற மான்கள் இரவில் ஒழுங்கைக்குள் சுற்றும், கோல் சத்தத்துக்கெல்லாம் அவை ஓடாது, வெண்டைக்காயில் ஒன்றுகூட மிஞ்சாது.

உள்ளே வரக் காசில்லை, ஏதாவது வாங்கினால் போதும். கார்ட் எடுக்கமாட்டார்கள், ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் விடியும்வரை மிச்சக் காசுக்குக் காத்திருக்க வேண்டும். பெரிய ஆட்டங்களுக்கு அரை மணித்தியாலம் முன்னரே போய்ச் சுவருக்கு இடது பக்கத்து வாங்கைப் பிடியுங்கள், பேஸ் பெட்டி அந்தப் பக்கம். மூன்றாவது வாங்கு வேண்டாம். அதன் ஒரு கால் செங்கல்லில் நிற்கிறது. கோலுக்கு எல்லோரும் எழும்பும்போது எழும்பாமல் இருக்கிற ஒருவர், அதாவது எதிரணிக்காரர், நிலத்தில் இருப்பார்.